குழல் முனையை அறுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மண்டபம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் ஏர் ரைபிளின் (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கியின்) குழல் முனை துருப்பிடித்தால், லேத் பட்டறையில் கொடுத்து அந்த நுனியை அறுத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வது எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது. பல ஏர் ரைபிள்களில் குழலின் கடைசிப் பகுதியில் உள்விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு மட்டும் குறுகியிருக்கும்; ‘சோக்’ எனப்படும் இந்த இறுக்கம், மென்மையான ஈயத்தாலான 4.5 மி.மீ. பெல்லட் குண்டுகளிடையே உள்ள சிறு அளவு வேறுபாடுகளைச் சமன்செய்து, ஒவ்வொன்றும் ஒரே பிடிமானத்துடன் குழலை விட்டு வெளியேறச் செய்கிறது. 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டி இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 0.5 மி.மீ. தான் என்னும்போது, சோக்கை அறுத்தெறிந்த குழலில் பழைய துல்லியத்தை எதிர்பார்ப்பது கடினம். தோட்டா வடிவிலான ‘ஸ்லக்’ குண்டுகளுக்குச் சோக் அவ்வளவாக உதவாது என்பதும் உண்மையே. ஆனால் பயிற்சிக்கு வரும் நம் பிள்ளைகள் சுடுவது பெல்லட்டுகளைத்தான். மேலோட்டமான துருவை எண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்தால் போதும். உட்புறத்தை முடிந்தவரை பின்பக்கமிருந்தே சுத்தம் செய்ய வேண்டும். முனைப்பக்கமிருந்து கம்பியைச் செருகினால் விளிம்பு தேய்ந்து குறி விலகும். துரு ஆழமாக இறங்கியிருந்தால் குழலையே மாற்றுவதுதான் சரி. பயிற்சியாளர்கள் இதனைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கீழக்கரை.