புஷ் பிளாக் இல்லாம மெஷின ஆன் பண்ணாதீங்க

குரூப் மக்களே, வீட்ல சின்னதா ஒர்க்‌ஷாப் வச்சு டேபிள் சா (மேசைல பதிச்ச வட்ட ரம்பம்), ஜாயின்டர் (கட்டைய சமமா இழைக்கிற மெஷின்) ஓட்டுறவங்க இத படிச்சிருங்க. இங்க வர்ற வீடியோல பாதி பேரு புஷ் பிளாக் (கட்டைய அமுக்கித் தள்ற கைப்பிடி) இல்லாம வெறுங்கையாலயே கட்டைய தள்றீங்க, பார்க்கவே வயித்த கலக்குது.

டேபிள் சால பிளேடோட பின்பக்க பல்லு மேல ஏறி வருது, கட்டை ஃபென்ஸ (கட்டைய ஒட்டித் தள்ற பக்கச் சட்டம்) விட்டு லேசா கோணிச்சுன்னா அந்தப் பல்லு தூக்கி நம்ம பக்கமே வீசிரும், அதான் கிக்பேக். புஷ் ஸ்டிக் (தள்ற குச்சி) ஒரு முனைலதான் தள்ளும், கட்டை எந்திரிச்சா அமுக்க ஆள் இல்ல. செருப்பு மாதிரி நீளமா, பின்னாடி ஹீல் வச்ச புஷ் பிளாக்னா அமுக்கிக்கிட்டே தள்ளும். ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவுல 6 இன்ச்சுக்கு கம்மின்னா கை அந்தப் பக்கமே போகக்கூடாது.

காசு செலவே இல்ல, மிச்சம் கெடக்குற 18 எம்எம் பிளைவுட்ல வெட்டிக்கலாம், ஆணி ஸ்க்ரூ வேணாம் பசை போதும், பிளேடு பட்டாலும் மரம்தானே போகும். ஜாயின்டருக்குன்னா, அடில ரப்பர் ஒட்டுன புஷ் பிளாக் ரெண்டு வேணும், தூசி படிஞ்சா வழுக்கும், அப்பப்ப துடைங்க. 12 இன்ச்ச விட குட்டையான கட்டைய அதுல விடவே வேணாம், கை ரந்தா (இழைப்புளி) எதுக்கு இருக்கு?

கிளவுஸ் போட்டா சேஃப்னு நேத்து ஒருத்தர் போட்டிருந்தாரு, தயவுசெஞ்சு வேணாம், பிளேடு அத புடிச்சு கையையும் சேர்த்து இழுத்துரும். ரைவிங் நைஃப (பிளேடுக்குப் பின்னாடி நிக்கிற தகடு) கழட்டி மூலைல போட்டவங்க மொதல்ல மாட்டுங்க.

அட்டைல வெட்டுன டெம்ப்ளேட் இருக்கு, வேணுங்கறவங்க சொல்லுங்க, அளவோட போட்டோ போடுறேன்.