திங்கட்கிழமைக்கு முன்னால்

அன்புள்ள வசந்தி,

நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, மனசு உறுத்துகிறது. இங்கே அமெரிக்காவில், நாக்ஸ்வில்லில் எல்லாரும் நலம், பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான், என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. அதை விடு. நேற்று போனில் போகிற போக்கில் ஒன்று சொன்னாயே, நீ எழுதின பன்னிரண்டு பாட்டுக்கும் சேர்த்து ஒரே தொகை, உரிமை முழுக்க அந்தக் கம்பெனிக்கு, திங்கட்கிழமை கையெழுத்து என்று, அதைச் சொன்ன கையோடு கோமதி வீட்டுக் கல்யாண சாம்பாருக்குத் தாவிவிட்டாய். எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. போடாதேடி. இதைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது போடாதே.

போன வாரம் மாப்பிள்ளை எங்களை செவியர்வில்லுக்குக் கூட்டிப்போனார். அங்கே கோர்ட் வாசலில் டாலி பார்ட்டனின் வெண்கலச் சிலை இருக்கிறது. செருப்பில்லாத காலோடு, கையில் கிதாரோடு, பாறைமேல் உட்கார்ந்திருக்கிறார். 'ஜோலீன்' பாடின அம்மாதான், ஹாஸ்டல் மொட்டைமாடியில் அந்த டேப் அறுந்து போகிற வரைக்கும் கேட்டோமே. 1987-ல் சிலை வைத்த பிறகு அவருடைய அப்பா ராத்திரியில் வாளியும் சோப்புத் தண்ணீருமாக வண்டியில் வந்து, புறா எச்சத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போவாராம். டாலியே சொல்லியிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன், பன்னிரண்டு பிள்ளைகள். 1946-ல் நாலாவதாக இவர் பிறந்தபோது, பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கொடுக்கக் காசில்லாமல் ஒரு மூட்டை சோள மாவு கொடுத்தாராம். சிலையின் கால் விரலைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உன் நினைப்புதான்.

ஏனென்றால் இவரும் பணம் வேண்டாம் என்று சொல்கிற நிலையில் பிறந்தவர் இல்லை. 1964-ல் பள்ளிப்படிப்பு முடிந்த மறுநாளே, பாட்டுக்காரர்களின் ஊரான நாஷ்வில்லுக்குக் கிளம்பினார். பாடகர் போர்ட்டர் வாகனரின் டிவி நிகழ்ச்சியில் 7 வருஷம் பாடினார். ஊர் ஊராகப் போன அந்த பஸ்ஸில் ஒரு பாட்டு தோன்றியபோது பேப்பர் இல்லை, வாகனரின் சலவைக் கடை ரசீதில் எழுதினாராம். நீ ரேஷன் பில் பின்னால் எழுதின ஆத்தங்கரைப் பாட்டு ஞாபகம் வந்தது. அதுவும் இந்தப் பன்னிரண்டில் இருக்கிறதா? இருந்தால் உன்னோடு பேசமாட்டேன்.

வாகனரை விட்டுப் பிரிய முடிவெடுத்தபோது, வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாததை ஒரு பாட்டாக எழுதி அவர் முன்னால் பாடினார். அவர் அழுதுவிட்டார். அதுதான் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. 1974-ல் 'கன்ட்ரி' என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டுகளின் வரிசையில் முதலிடம். அப்புறம்தான் விஷயம். எல்விஸ் பிரெஸ்லிக்கு அதைப் பாட ஆசை. டாலிக்குத் தலைகால் புரியவில்லை. ஒலிப்பதிவுக்கு முந்தின நாள் எல்விஸின் மேனேஜர் கர்னல் பார்க்கர் போன் பண்ணி, பதிப்புரிமையில் பாதியை எழுதித் தந்தால்தான் பாடுவார் என்றார். பாதிதான் வசந்தி, உன்னிடம் கேட்கிற மாதிரி முழுசும் இல்லை. அதுவும் எல்விஸுக்காக! டாலி மாட்டேன் என்றார், சொல்லிவிட்டு ராத்திரி முழுக்க அழுதார். பைத்தியமா உனக்கு என்றவர்கள் எத்தனையோ பேர். அந்த அழுகைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் தைரியமாகச் சிரித்துக்கொண்டே மறுத்திருந்தால், இதை உனக்கு எழுதியிருக்கவே மாட்டேன்.

1992-ல் விட்னி ஹூஸ்டன் அதே பாட்டை ஒரு படத்துக்காகப் பாடினார். அமெரிக்காவில் 14 வாரம் முதலிடம். பாட்டின் உரிமை டாலியின் கையிலேயே இருந்தது. 1995-ல் அப்பாவை நினைத்து அந்த ஊர்க் குழந்தைகளுக்கு மாதம் ஒரு புத்தகம் தபாலில் அனுப்ப ஆரம்பித்தார், அது இன்றைக்கு 20 கோடிப் புத்தகங்களைத் தாண்டிவிட்டது.

அண்ணன் ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும், எனக்குத் தெரியாதா? என் சீட்டுப் பணம் அடுத்த மாதம் வருகிறது, அது உனக்குத்தான், வாயைத் திறக்காதே. அந்தக் காகிதத்தை ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பு, மகளுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டுகிறேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் எனக்குக் கூப்பிடு. இங்கே ஞாயிறு ராத்திரி பத்தரை. விழித்திருப்பேன்.

உன்
மல்லிகா