இணைக்காத எயார் பேக், வேறு வண்டியின் கிலோமீட்டர்: என் டபுள் கேப்பில் செய்த வேலை பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

என் டொயோட்டா ஹைலக்ஸ் விகோ டபுள் கேப்பின் மீட்டரையும் ஸ்டியரிங்கையும் உயர் ரக மொடலில் வருவது போல மாற்றித் தரும்படி உங்கள் பஞ்சிகாவத்தைக் கிளையில் கொடுத்தேன். 145,000 ரூபாவை முழுதாகக் கட்டி பில்லும் வாங்கினேன். இப்போது வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. நானும் எடுப்பதில்லை, மகனையும் எடுக்க விடுவதில்லை. அதன் எயார் பேக் இணைக்கப்படவில்லை. இணைக்காததை வெளியே தெரியாதபடி மறைத்தும் இருக்கிறார்கள். மீட்டரில் ஓடுவதும் என் வண்டியின் கணக்கு அல்ல.

இந்த வேலையை ஏன் செய்யக் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் மீண்டும் திறந்தபோது புது டபுள் கேப்பின் விலை என்னைப் போன்ற சிறு வியாபாரிக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. சரி, கையில் இருப்பதையே நன்றாக வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். புறக்கோட்டை நான்காம் குறுக்குத்தெருவில் சாமான் ஏற்றிக்கொண்டு அவிசாவளை, கித்துல்கல வழியாக ஹட்டனுக்குப் போவது என் மகன்தான். அந்த வளைவுகளில் போனை எடுக்கவும் ரேடியோவைக் குறைக்கவும் அவன் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் ஸ்டியரிங்கில் சுவிட்ச் வேண்டும் என்று கேட்டேன். அழகுக்காகக் கேட்கவில்லை.

வேலை தொடங்கியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். உங்கள் பையன் ஸ்டியரிங்கைக் கழற்றும்போது வண்டியின் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதாவது பேட்டரி கழற்றப்படவில்லை. எயார் பேக் உள்ள ஸ்டியரிங்கில் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, குறைந்தது 90 விநாடி பொறுக்க வேண்டும் என்பது டொயோட்டாவின் அறிவுறுத்தல். பேட்டரியைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் எயார் பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால்தான் அந்தக் காத்திருப்பு. அப்போதே கேட்டேன். "ஒன்னும் ஆகாது அங்கிள், நாங்க தினமும் செய்றதுதானே" என்றார். அவருடைய முகத்துக்கு நேரே வெடித்திருக்கக்கூடிய பொருள் அது. அந்தப் பையனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று எனக்கு இன்றும் கவலையாக இருக்கிறது.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் க்ளொக் ஸ்பிரிங்தான் எல்லாப் பிரச்சினைக்கும் மூலம். ஹோர்ன், சுவிட்ச், எயார் பேக் மூன்றுக்கும் வரும் வயர்கள் சுருட்டி வைத்த ஒரே பட்டையில்தான் ஓடுகின்றன. என் பழைய ஸ்டியரிங்கில் சுவிட்ச் இல்லாததால் அதன் க்ளொக் ஸ்பிரிங்கில் அதற்கான வயரும் இல்லை. ஆகவே வேறொன்று போட வேண்டும் என்று உங்கள் ஆட்கள் சொன்னது சரிதான். ஆனால் பில்லில் புதியது என்று எழுதிவிட்டு, பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். அதையும் நடுவில் நிறுத்திப் பொருத்தவில்லை. ஒரு பக்கம் கடைசி வரை மெதுவாகச் சுற்றி, அங்கிருந்து சுமார் இரண்டரைச் சுற்று திருப்பி, அடையாளத்தைச் சேர்த்துத்தான் பொருத்த வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் ஒரு பக்கம் முழுதாகத் திருப்பும்போது பட்டை இழுபட்டு அறுந்துவிடும். கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் வண்டியைத் திருப்பும்போது அதுதான் நடந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். எயார் பேக் விளக்கு எரிந்தது, ஹோர்ன் போனது, சுவிட்சுகளும் போயின.

வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தேன். மாலையில் கொடுத்தார்கள். "எல்லாம் சரி, லைட்டும் போயிட்டுது" என்றார் கிளைப் பொறுப்பாளர். ஆனால் அன்றிலிருந்து ஸ்டியரிங் நேராக இருக்கும்போது மட்டும்தான் ஹோர்ன் அடிக்கிறது. சுவிட்சுகளும் வந்து வந்து போகின்றன. அறுந்த பட்டை அறுந்தபடியே இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? அப்படியானால் அதே பட்டையில் போகும் எயார் பேக்குக்கு மட்டும் எப்படி விளக்கு அணைந்தது?

அதனால் எனக்குத் தெரிந்த எலக்ட்ரிகல் பாஸ் (வாகன மின் வேலைக்காரர்) ஒருவரிடம் காட்டினேன். அவர் முறைப்படி பேட்டரியைக் கழற்றி, காத்திருந்து, பிறகு பிரித்தார். எயார் பேக்குக்குப் போகும் மஞ்சள் நிற கனெக்டரில் எயார் பேக்கே இல்லை. அதன் இடத்தில் சிறிய ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்று செருகியிருந்தது. அதனால் எயார் பேக் தன் இடத்தில்தான் இருக்கிறது என்று அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி நம்பி விளக்கை அணைத்துவிடுகிறது. சாவியைத் திருப்பினால் விளக்கு சுமார் 6 விநாடி எரிந்து, நல்ல வண்டியில் போலவே அணைகிறது. விபத்து நடந்தால் மட்டும் எயார் பேக் விரியாது.

ஐயா, இதைத் தவறுதலாக நடந்த வேலை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த ரெசிஸ்டரை யாரோ ஒருவர் தேடி எடுத்து, என்ன செய்கிறோம் என்று தெரிந்தே செருகியிருக்கிறார். எயார் பேக் வேலை செய்யவில்லை என்று சொல்லியிருந்தால்கூட மகனை அனுப்பியிருக்க மாட்டேன். விளக்கு அணைந்திருந்ததை நம்பித்தான் அவனை அந்த மலைப் பாதையில் அனுப்பினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என் மனம் ஆறவில்லை.

அடுத்தது மீட்டர். என் வண்டி உங்களிடம் வந்தபோது 262,400 கி.மீ. ஓடியிருந்தது, உங்கள் வேலைச் சீட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நீங்கள் போட்ட மீட்டர் 96,100 காட்டியது. வேறு ஏதோ வண்டியின் கணக்கு அது. கேட்டதற்கு, "குறைவாகக் காட்டுவது உங்களுக்கு நல்லதுதானே, விற்கும்போது விலை கூடும்" என்று பதில் வந்தது. நான் யாரையும் ஏமாற்றி விற்கப் போவதில்லை. அப்புறம், இதில் விலையை விடப் பெரிய விஷயம், இன்ஜினுக்குள் பிஸ்டனையும் வால்வையும் ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட். இந்த டீசல் இன்ஜினுக்கு அதை 150,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்ற வேண்டும்; நேரம் வந்ததும் மீட்டரிலேயே அதற்கென்று ஒரு விளக்கு எரியும். என் வண்டிக்கு ஒரு முறை மாற்றியாயிற்று, அடுத்தது 300,000இல். உங்கள் மீட்டரோ தன் கணக்குப்படி 150,000 வந்த பிறகுதான் விளக்கைக் காட்டும். அதாவது 16,000 கி.மீ.க்கு மேல் பிந்தி. இடையில் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி இன்ஜினே போய்விடும்.

இத்தனைக்கும் இது தீர்க்க முடியாத விஷயம் அல்ல. கிலோமீட்டர் கணக்கு மீட்டருக்குள் இருக்கும் சிறிய மெமரி சிப்பில் இருக்கிறது. பழைய மீட்டரில் உள்ளதைப் படித்துப் புதியதில் எழுதும் கருவி வைத்திருப்பவர்கள் பஞ்சிகாவத்தையிலேயே இருக்கிறார்கள். ஆனால் என் பழைய மீட்டரைக் கேட்டால், அது எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது என்கிறார்கள். எக்ஸ்சேஞ்ச் என்று என்னிடம் யாரும் பேசவில்லை, பில்லிலும் அப்படி இல்லை. அது என் பொருள்.

ஸ்டியரிங்கைக் கழற்றும்போது அடையாளம் இடாததால் கட்டுநாயக்க ஹைவேயில் வண்டி நேராகப் போனாலும் ஸ்டியரிங் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும்.

நான் கேட்பது இதுதான். பெட்டி பிரிக்காத புதிய க்ளொக் ஸ்பிரிங்கை, அனுபவமுள்ள ஒருவர், என் முன்னால் பொருத்த வேண்டும். எயார் பேக்கை இணைத்த பிறகு, வண்டியின் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பார்த்து அந்த அறிக்கையை அச்சிட்டுத் தர வேண்டும். விளக்கு அணைந்திருப்பதை மட்டும் காட்டினால் இனி ஏற்க மாட்டேன். பழைய மீட்டரைத் திருப்பித் தந்து, உண்மையான கிலோமீட்டரைப் புதியதில் எழுதித் தர வேண்டும். மீட்டர் மாற்றப்பட்டது, மாற்றும்போது இவ்வளவு ஓடியிருந்தது என்று நிறுவனத்தின் கடிதத் தாளில் கையொப்பத்துடன் ஒரு குறிப்பும் வேண்டும். வண்டிப் புத்தகத்தோடு வைத்துக்கொள்வேன். இவற்றைச் செய்ய முடியாவிட்டால் முழுப் பணத்தையும் தந்து, பழைய ஸ்டியரிங்கையும் மீட்டரையும் முன்பிருந்தபடியே பொருத்திக் கொடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள், இது எனக்காக அல்ல. அந்தக் கிளையில் ஸ்டியரிங் மாற்றிய மற்ற வண்டிக்காரர்களையும் அழைத்து மஞ்சள் கனெக்டரைப் பாருங்கள். என் வண்டியில் மட்டும்தான் இப்படிச் செய்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி சேவை பெற்று 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். அந்தக் காலம் இன்னும் தாண்டவில்லை.

பில், வேலைச் சீட்டு, கனெக்டரின் படங்கள் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துள்ளேன். கழற்றிய ரெசிஸ்டர் என்னிடம் இருக்கிறது. உங்கள் பொறுப்பான அதிகாரி யாராவது வந்தால் காட்டுவேன், ஆனால் கையில் கொடுக்க மாட்டேன். வண்டியை இழுத்துச் செல்ல வாகனம் அனுப்புங்கள். அதை ஓட்டிக்கொண்டு வர முடியாது.

இப்படிக்கு,
ஹைலக்ஸ் டபுள் கேப் உரிமையாளர்,
கொழும்பு 13