பழக்குலைச் சேகரிப்பு நிலமும் மரபுரிமைப் பத்திரமும் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
செம்பனைச் சிறுதோட்டக்காரர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்,
கோலகங்சார் மாவட்ட நில அலுவலகம், பேராக்.

பொருள்: கூட்டுறவுக் கழகத்தின் பழச் சேகரிப்பு மையத்துக்கு நீண்டகாலக் குத்தகை நிலம், மரபுரிமை நிலப் பங்கீட்டுக்குச் சுங்கை சிப்புட்டில் சேவை முகப்பு

மதிப்பிற்குரிய ஐயா,

2 ஏக்கரிலிருந்து 10 ஏக்கர் வரை செம்பனை வைத்திருக்கும் நாங்கள், கூட்டுறவுக் கழகமாகச் சேர்ந்து பழத்தை ஆலைக்கு நேரடியாக விற்க முனைந்திருக்கிறோம். ஆள் சேர்ப்பதில் சிக்கல் இல்லை. சேர்ந்த பிறகு குடும்பத்துக்கு நாலு காசு கூடுதலாக வருமா என்பது மேலே கண்ட இரண்டு காரியங்களையும் பொறுத்திருக்கிறது.

கூட்டுறவு என்றாலே ஆண்டு இறுதியில் கிடைக்கும் லாப ஈவுதான் பலருக்கு நினைவுக்கு வரும். செம்பனையில் அது சிறு தொகை. உண்மையான வருமானம் தராசில் இருக்கிறது. ஆலை ஒரு டன் பழக்குலைக்குத் தரும் விலை, ஒரு விழுக்காட்டு எண்ணெய்க்கான விலையைப் பிழிவு விகிதத்தால், அதாவது பழ எடையில் எண்ணெயாகக் கிடைக்கும் விழுக்காட்டால், பெருக்கி வருவது. கணக்குக்காக ஒரு விழுக்காட்டு விலையை 42 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 19.5 விகிதத்தில் விற்றால் டன்னுக்கு 819 ரிங்கிட். இடையில் உள்ள வியாபாரி 18-க்கு எடுத்தால் 756. டன்னுக்கு 63 ரிங்கிட் போகிறது. 5 ஏக்கரில் ஆண்டுக்கு 30 டன் வெட்டும் குடும்பத்துக்கு அது 1,890 ரிங்கிட். அதோடு தண்ணீர், காம்பு என்று சொல்லி எடையில் 3 விழுக்காடு கழித்தால், 900 கிலோவுக்கு இன்னொரு 680 ரிங்கிட். ஆக மொத்தம் 2,570.

இது முழுவதும் வியாபாரியின் லாபம் என்று நாங்கள் சொல்லவில்லை. லோரி, ஏற்று கூலி, பழம் கொட்டும் மேடைச் செலவு கழகத்துக்கும் உண்டு. டன்னுக்கு 30 ரிங்கிட் போனால் 900 கழிந்து 1,670 மிஞ்சும். உரத்தில் இன்னும் கொஞ்சம் சேரும். ஏக்கருக்கு 55 மரம், மரத்துக்கு ஆண்டுக்கு 7 கிலோ என்றால், 5 ஏக்கருக்கு 50 கிலோ மூட்டை 39 வேண்டும். ஐந்து குடும்பங்கள் சேர்ந்தால் 10 டன் லோரி ஒன்று ஏறக்குறைய நிறைந்துவிடும். மொத்தமாக வாங்குவதில் மூட்டைக்கு 15 ரிங்கிட் குறைந்தால் 585 மிச்சம்.

ஆனால் இந்தக் கணக்கு பலிக்க, கழகத்துக்குச் சொந்தத் தராசும் பழம் கொட்டும் மேடையும் வேண்டும். பலருடைய பழத்தை ஒரே குவியலில் கொட்டினால், ஒருவர் காயாக வெட்டியதற்கு ஆலை போடும் கழிவை எல்லாரும் சுமக்கிறார்கள். பத்துப் பழமாவது உதிர்ந்த பிறகே வெட்டி, காம்பை 5 சென்டிமீட்டருக்குள் நறுக்கி, உதிரிப் பழத்தைப் பொறுக்கி வருபவருக்கும் அதே விலைதான். அப்புறம் யார் பொறுக்குவார்கள்? மேடையிலேயே ஒவ்வொருவர் சுமையையும் தனியாக எடை போட்டுத் தரம் பிரித்தால், வெட்டும் முறை தானாகத் திருந்தும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகவேண்டும். தாமதமானால் எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறித் தரம் கெடும். மேடை தொலைவில் இருந்தால் அதற்கும் வழியில்லை.

கழகங்கள் படுத்துவிடும் இடம் ஒன்றுண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. வியாபாரி கையில் ரொக்கம் தருகிறார், பள்ளி திறக்கும்போது முன்பணமும் தருகிறார். கழகமோ ஆலை பணம் போடும்வரை காத்திருக்கச் சொல்கிறது. உறுப்பினர் பாதிப் பழத்தை வெளியே விற்பார், லோரி அரைச் சுமையோடு போகும், டன்னுக்குச் செலவு ஏறும், மிச்சமிருப்பவர்களும் விலகுவார்கள். 60 உறுப்பினர்கள் மாதம் 150 டன் கொடுத்து, ஆலை 15 நாளில் பணம் தருவதாக இருந்தால், அன்றன்றே பட்டுவாடா செய்ய ஏறக்குறைய 60,000 ரிங்கிட் கைவசம் வேண்டும். அதற்கு மலேசியக் கூட்டுறவு ஆணையத்தின் சுழல் முதல் நிதியை நாடுவோம். அங்கேயும் முதல் கேள்வி, மையம் எந்த நிலத்தில் நிற்கிறது என்பதாகத்தான் இருக்கும்.

அரசு நிலத்தைப் பயன்படுத்தத் தரும் டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக உரிமம் டிசம்பர் 31-ல் முடிந்துவிடும். ஓராண்டு உரிமத்தை நம்பி, லோரியோடு எடை போடும் எடைப் பாலத்துக்குக் காங்கிரீட் போட முடியாது. கடன் தருபவரும் இல்லை. பொதுத் தேவைக்கென ஒதுக்கிய அரசு இருப்பு நிலத்தைத் தேசிய நிலச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி 21 ஆண்டு வரை குத்தகைக்கு விட இடமுண்டு. 10 டன் லோரி திரும்பக்கூடிய, சாலையோரமான ஓர் ஏக்கர் போதும். பொருத்தமான நிலத்தை அடையாளம் கண்டு, மாநில அரசுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

இரண்டாவது, பத்திரம். மலேசிய செம்பனை எண்ணெய் வாரிய உரிமம் இல்லாமல் சொந்தப் பெயரில் பழம் விற்க முடியாது; உரிமம் கேட்டால் நில ஆவணம் கேட்பார்கள். பல நிலங்கள் இன்னும் தாத்தா பெயரிலேயே கிடக்கின்றன. 1960-ல், பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், இதே ஊரைச் சேர்ந்த அன்றைய அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் மாதம் பத்து வெள்ளி (அன்றைய நாணயம்) சேர்க்கச் சொல்லி தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, நிலம் இல்லாததுதான் பிரச்சினை. இன்று நிலம் இருக்கிறது, பேர் மாறவில்லை.

1955-ஆம் ஆண்டுச் சிறு மரபுரிமைச் சொத்துச் சட்டப்படி மனு போடலாம் என்பது தெரிந்ததே. தடை படுவது வேறு இடங்களில்: இரண்டு தலைமுறை இறந்திருந்தால் இரண்டு மரணச் சான்றிதழும் இரண்டு வாரிசுப் பட்டியலும் வேண்டும்; பழைய பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் பெயரின் எழுத்து ஒத்துப்போகாது; வெளியூரில் இருக்கும் ஒரு வாரிசு விசாரணைக்கு வராவிட்டால் தள்ளிப்போகும். பங்கீட்டுப் பிரிவோடு பேசி, தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவருடன் மாதம் ஒரு நாள் சுங்கை சிப்புட்டில் முகப்பு திறந்தால், மனுக்களை முன்கூட்டியே சரிபார்த்துக் கொண்டுவரும் பொறுப்பைக் கழகத்தினர் ஏற்போம்.

உறுப்பினர் பட்டியல், பெயர் மாறாத நிலங்களின் விவரம், வட்டார வரைபடம் ஆகியவை இத்துடன் உள்ளன. நிலத்தை நேரில் பார்வையிடவும் எங்கள் பிரதிநிதிகளைச் சந்திக்கவும் ஒரு நாள் குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வட்டாரச் செம்பனைச் சிறுதோட்டக்காரர்கள்