தேய்ந்த புஷ்ஷை அளக்காதே

கோயம்புத்தூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் ஹெரால்டு காரின் பெடல் புஷ், அதாவது பெடல் தண்டு உள்ளே சுற்றுகிற அந்த உலோகக் குழாய், அதன் போட்டோவும் நீ எழுதியனுப்பின அளவும் கிடைத்தன. உள்துளை ஒரு வாக்கில் 12.9 மில்லி, குறுக்கு வாக்கில் 13.4 என்று எழுதியிருக்கிறாய். இரண்டையும் கூட்டிப் பாதி எடுத்து லேத்தில், அந்தக் கடைசல் இயந்திரத்தில், ஏற்றிவிடாதே, கண்ணு. அந்த இரண்டு எண்ணுமே தேய்மானத்தின் அளவு. அதைப் பார்த்து வெட்டினால் புதுப் பொருளில் பழைய ஆட்டத்தையே செய்து வைப்பாய். பழைய வண்டிக்கு வீட்டில் பார்ட் செய்கிறவர்கள் முதலில் தவறுவது இங்கேதான்.

புஷ்ஷை ஓரமாக வை. அது எதற்குள் உட்காருகிறதோ அந்தத் துளையையும், அதற்குள் எது சுற்றுகிறதோ அந்தத் தண்டையும் அள. தண்டில் புஷ் தொடாத இடம் ஒன்று கட்டாயம் இருக்கும். பெரும்பாலும் நுனியில், ஸ்ப்ளிட் பின் துளைக்குப் பக்கத்தில். துருவையும் பழைய கிரீஸையும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு அங்கே மைக்ரோமீட்டர் வை. 12.68 வந்தால் அது 12.7. அதாவது அரை அங்குலம், ஓடுவதற்கு ஒரு மயிரிழை குறைத்தது. பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்த பிறகு, அது உட்கார்ந்திருந்த ஹவுசிங் துளையை மூன்று ஆழத்தில், ஒவ்வொன்றிலும் நேர்வாக்கு, குறுக்குவாக்கு என்று ஆறு தடவை அளந்து எழுது. 15.89 பக்கம் நின்றால் அது ஐந்தெட்டு (5/8) அங்குலம். ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் கொண்டுவந்த வண்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் செய்ததும் அதன் அடிப்படையில்தான். அங்கே அப்போது அங்குலக் கணக்கு. அதனால் உன் வெர்னியர் காலிப்பர் மில்லிமீட்டரில் சொன்னாலும் நீ அங்குலமாகவே யோசி. 7.94 என்றால் ஐந்து பதினாறு (5/16), 9.53 என்றால் மூன்றெட்டு, 11.1 என்றால் ஏழு பதினாறு, 19.05 என்றால் முக்கால். இந்த அளவுகளில் எதற்கும் பக்கத்தில் வராத எண் கிடைத்தால் நீ தப்பாக அளந்திருக்கிறாய், இல்லை உனக்கு முன்னால் யாரோ அந்த இடத்தில் கை வைத்திருக்கிறார்கள். இந்த வயதுள்ள வண்டியில் இரண்டாவதற்கும் வாய்ப்பு அதிகம். அப்போது வண்டியில் இருப்பதுதான் கணக்கு, புத்தகம் இல்லை.

வெர்னியரின் உள்தாடையை நம்பித் துளையை அளக்காதே. அந்தத் தாடை முனையில் சின்னத் தட்டை உண்டு. சிறிய துளையில் அந்தத் தட்டையின் இரண்டு விளிம்பும் முட்டி, உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். துளைக்குள் விரிந்து நிற்கிற டெலஸ்கோப்பிக் கேஜை உள்ளே விட்டு, பூட்டி, மெல்ல ஆட்டி வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் படி. ஒரே இடத்தில் மூன்று தடவை ஒரே எண் வந்தால்தான் அதை எழுது.

நட்டு போல்ட்டிலும் இதே எச்சரிக்கை. இந்த வண்டியில் பெரும்பாலும் யு.என்.எஃப். என்கிற நெருக்கமான அங்குல மரை. ஐந்து பதினாறு போல்ட் கையில் எட்டு மில்லி போலவே இருக்கும், எம்8 நட் ஓரிரு சுற்று ஏறவும் செய்யும். ஒன்றில் அங்குலத்துக்கு 24 மரை, மற்றதில் மரைக்கு மரை 1.25 மில்லி இடைவெளி. மூன்றாவது சுற்றில் இறுகும். ஸ்பானர் போட்டு முறுக்கினால் இரண்டு மரையும் போகும். புதுத் துளை போட்டு டேப் அடித்து மரை வெட்டுவதாக இருந்தால் ஐந்து பதினாறு யு.என்.எஃப்.-க்கு 6.9 டிரில், மூன்றெட்டுக்கு 8.5, கால் அங்குலத்துக்கு 5.5.

இனி பொருள். பெடல் புஷ்ஷுக்கு கன்மெட்டல் போதும். நூற்றுக்கு 85 செம்பு, வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் தலா 5. ஈயம் கலந்திருப்பதால் சுலபமாக வெட்டும், எண்ணெய் கொஞ்சம் குறைந்த நேரத்திலும் தண்டைப் பிடிக்காது. பாஸ்பர் பிரான்ஸ் இதைவிட உறுதி. பாரம் அதிகம் உள்ள இடத்துக்கு அது சரி, ஆனால் அதற்கு ஜோடியாகத் தண்டு கடினமாக இருக்க வேண்டும். வெறும் பித்தளை வேண்டாம், சீக்கிரம் தேயும். மாற்றுவதற்குச் சுலபமான பொருள்தான் தேய வேண்டும். அது புஷ். தண்டு தேயக் கூடாது. இதில் எதிர்பாராத ஒன்று உண்டு. தூசியும் மணலும் உள்ளே போனால் மென்மையான புஷ்ஷில் பதிந்து உப்புத்தாள் மாதிரி கடினமான தண்டை அறுக்கும். தண்டில் வளையம் வளையமாகக் கோடு விழுந்திருந்தால் காரணம் இதுதான். அப்படியிருந்தால் தண்டையும் சுற்றி வெட்டி, வட்டம் சரியாக வந்த அளவுக்கு ஏற்ப புஷ் துளையைச் சிறிதாக்கு. அந்த அளவை வண்டியோடு இருக்கும் நோட்டில் எழுதி வை.

லேத்தில் ஏற்றுமுன் டூல் முனையின் உயரத்தைப் பார். மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை ராடுக்கும் முனைக்கும் நடுவில் வைத்து, டூலைக் குறுக்கே நகர்த்துகிற கிராஸ் ஸ்லைடை மெல்ல நகர்த்தி லேசாகப் பிடிக்க வை. ஸ்கேல் நெட்டுக்குத்தாக நின்றால் முனை சென்டரில் இருக்கிறது. தலை உன் பக்கம் சாய்ந்தால் முனை தாழ்வு, எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உயரம். சின்ன லேத்தில் வரும் பாதிக் கோளாறு இதிலேயே தீர்ந்துவிடும். கன்மெட்டலுக்கு டூலின் மேல்முகம் தட்டையாக இருக்கட்டும். இரும்புக்குப் போல சரிவு வைத்தால் டூல் உள்ளே இழுத்துக்கொள்ளும். டிரில்லும் அப்படித்தான். வெட்டு விளிம்பை ஆயில் ஸ்டோனில் இரண்டு தடவை நேராகத் தேய்த்து ஒரு தையல்நூல் அகலத்துக்குத் தட்டையாக்கிக்கொள். இல்லையென்றால் டிரில் திடீரென்று கவ்வி, அதைப் பிடித்திருக்கும் டெயில்ஸ்டாக்கையே முன்னால் இழுக்கும்.

20 மில்லி ராடை, அதைக் கவ்விச் சுற்றுகிற சக்கிலிருந்து 40 மில்லி வெளியே நீட்டிப் பிடி. வேகத்துக்கு ஒரு கணக்கு: நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்ற வெட்டு வேகத்தை 318-ஆல் பெருக்கி, விட்டத்தால் வகு. கன்மெட்டலுக்கு எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலில் 60 மீட்டர் வைத்தால் சுமார் 950 சுற்று. எம்.எஸ்., அதாவது சாதா இரும்பு ராடுக்கு 25 மீட்டர், 400 சுற்று. முகத்தைத் தட்டையாக வெட்டி ஃபேஸ் செய், சென்டர் டிரில் போடு, பிறகு 4, 8, 11.5 என்று டிரில்லில் ஏற்று. டிரில் போட்ட துளை நேராக இருக்காது, சற்றுச் சாய்ந்தே போகும். அதை நேராக்குவது துளைக்குள் ஒற்றை முனையால் வெட்டுகிற போரிங் பார்தான், கடைசியாகச் சீவி அளவுக்குக் கொண்டுவரும் பல பல் ரீமர் இல்லை. ரீமர் இருக்கும் துளையைப் பின்தொடருமே தவிர திருத்தாது. போரிங் பாரில் 12.6 வரை கொண்டு வந்து நிறுத்து. 12.7 வரை போகாதே, காரணம் கீழே சொல்கிறேன்.

துளையும் வெளிவட்டமும் ஒரே பிடியில் முடிய வேண்டும். நடுவில் சக்கைத் தளர்த்தினால் சின்ன லேத்தின் மூன்று தாடைச் சக் திரும்பப் பிடிக்கும்போது 0.05, சில சமயம் 0.1 கூட விலகும். அப்புறம் உள்வட்டமும் வெளிவட்டமும் ஒன்றுக்கொன்று சேராது.

வெளிவட்டம் 15.92 வேண்டும், அதாவது ஹவுசிங் துளையைவிட 0.03 அதிகம். 16.2 வரை தாராளமாக வெட்டு. அதன்பின் மீதி 0.28. இதை ஒரே வெட்டாகவும் எடுக்காதே, பத்து மெல்லிய வெட்டாகவும் எடுக்காதே. 0.01, 0.02 என்று எடுத்தால் டூல் வெட்டாமல் தேய்க்கும், பிறகு திடீரென்று அதிகமாக வெட்டிவிடும். 0.14, 0.14 என்று இரண்டு சம வெட்டு. முதல் வெட்டு முடிந்ததும் அள. நீ டயலில் கேட்டதற்கும் லேத் கொடுத்ததற்கும் வித்தியாசம் 0.01 இருந்தால் இரண்டாவதில் அதைச் சேர்த்தோ கழித்தோ வை. ஒரே ஆழம், டூல் நகரும் ஃபீட்டும் ஒன்றே என்பதால் லேத் அதே தவறைத்தான் திரும்பச் செய்யும். உன் லேத்தின் டயல் விட்டத்தைக் காட்டுகிறதா ஆரத்தைக் காட்டுகிறதா என்று முதலில் ஒரு துண்டு ராடில் சோதித்துக்கொள். கைப்பிடியைப் பின்னால் எடுக்க நேர்ந்தால் ஒரு சுற்று முழுக்கப் பின்வாங்கி, பிறகு முன்னால் வந்து நிறுத்து. இல்லாவிட்டால் ஸ்க்ரூவில் உள்ள லூஸ் உன் அளவைத் தின்றுவிடும்.

கடைசி வெட்டுக்கு முன் ராடைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் காத்திரு. 16 மில்லி கன்மெட்டல் அறை வெப்பத்தைவிட 50 டிகிரி சூடாக இருந்தால் சுமார் 0.014 பெருத்து நிற்கும். உன் பிடிமானமே 0.03-தான். சூட்டில் சரியென்று அளந்தது ஆறினதும் பாதிப் பிடி போய்விடும்.

புஷ்ஷின் முன்பக்கம் 3 மில்லி நீளத்துக்கு 15.87 ஆகக் குறைத்து விடு. அது துளைக்குள் கையாலேயே போய் நேராக நிற்கும், அழுத்தும்போது சாயாது. இரண்டு விளிம்பிலும் சேம்பர் (சின்னச் சரிவு) போட்டு, பார்ட்டிங் டூலால் அறுத்தெடு. முதல் நாள் ராத்திரி ஃப்ரீசரில் போட்டு வை, இன்னும் ஒரு 0.014 சுருங்கும். வைஸில் அலுமினியத் தகடு வைத்து அழுத்து. இல்லாவிட்டால் நீள போல்ட், இரண்டு தடித்த வாஷர், நட் போட்டு இழு. சுத்தியல் மட்டும் வேண்டாம். அடிக்கிற அடியில் விளிம்பு உள்நோக்கி மடங்கும்.

உள்ளே போனதும் புஷ்ஷின் துளை சுருங்கும். வெளியே 0.03 அதிகம் வைத்தால் உள்ளே ஏறக்குறைய அதே அளவு குறையும். 12.6 துளை 12.57 ஆகிவிடும். அதற்குத்தான் முன்கூட்டியே 12.7 வைக்கக் கூடாது என்றேன். வைத்திருந்தால் தண்டு ஏறாது, ஆளுக்கு ஆள் உப்புத்தாளை எடுத்துத் தண்டைத் தேய்ப்பார்கள். இப்போது அரை அங்குலக் கைரீமரை விடு. 0.13 மட்டும் எடுக்கும். இரண்டு புஷ் ஒரே தண்டைத் தாங்கினால் இரண்டையும் அழுத்தின பிறகு, ஒன்றின் வழியாக மற்றதற்கு ரீமர் போக வேண்டும். தனித்தனியாக ரீம் செய்தால் ஒவ்வொன்றிலும் தண்டு சுற்றும், இரண்டிலும் சேர்த்துப் போட்டால் இறுகும். எண்ணெய்த் துளையை ஹவுசிங்கில் உள்ள துளை வழியாகவே, ரீம் செய்வதற்கு முன்னால், 3 மில்லி டிரில்லால் போடு. பிசிறை ரீமர் எடுத்துவிடும்.

டைனமோவின் பின்பக்கப் புஷ்ஷில் இது எதுவும் செல்லாது. அது நுண்துளை வெண்கலம், எண்ணெயைத் தனக்குள் உறிஞ்சி வைத்துக்கொள்கிற வகை. கடையில் வாங்கி, சுத்தமான இன்ஜின் ஆயிலில் 24 மணி நேரம் ஊறப்போட்டு, தண்டின் அளவுக்குக் கடைந்து பாலிஷ் செய்த மேண்ட்ரல் என்ற தண்டில் மாட்டி அழுத்து. மேண்ட்ரலை உருவினதும் துளை அந்த அளவில் நிற்கும். ரீமர் விட்டால் நுண்துளைகள் மூடிவிடும், எண்ணெய் வராது.

கியர் லிவருக்கு நைலானில் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். நைலான் ஈரத்தை உறிஞ்சிப் பெருக்கும், புனே மழைக்காலத்தில் லிவர் இறுகும். டெல்ரின் என்ற பிளாஸ்டிக் வாங்கு, அது அவ்வளவாக ஊறாது.

இப்போது எனக்கு மனசில் பாரமாக இருக்கிற விஷயம். முன்சக்கரத்தைத் தாங்கும் வெர்ட்டிகல் லிங்க்கையும் ஸ்டப் ஆக்ஸிலையும் ஸ்டீயரிங் ஆர்மையும் பிரேக் பாகங்களையும் வீட்டில் செய்யாதே. லேத் நன்றாகப் பழகின பிறகும் செய்யாதே. அவை அடித்து உருவாக்கி, சூடேற்றிப் பதப்படுத்தியவை. அதே அளவில் ராடிலிருந்து கடைந்தால் அளவு மட்டும்தான் ஒன்றாக இருக்கும், பலம் இருக்காது. உள்மூலை கூராக நின்றால் அங்கே மயிரிழை விரிசல் தொடங்கும், கண்ணுக்குத் தெரியாது. ஹெரால்டில் அந்த லிங்க்கின் அடிநுனி மரையாக ட்ரனியன் என்ற வெண்கலக் கூட்டுக்குள் இறங்கும். இடது பக்கம் இடதுமரை, வலது பக்கம் வலதுமரை, மாற்றிப் போடாதே. அதற்கு கிரீஸ் இல்லை, ஈபி 90 கியர் ஆயில். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. உள்ளே தண்ணீர் தங்கும், துரு அரிக்கும், ஒருநாள் லிங்க் முறிந்து சக்கரம் மடங்கும். நீ அந்த வண்டியில் காட், அதாவது மலைச்சாலை, இறங்கப் போகிறாய். பெடல் வேலையைத் தள்ளிப்போட்டாவது இதை முதலில் கழற்றிப் பார். மரையின் அடியில் குழி குழியாக அரித்திருந்தால் லிங்க்கை மாற்று. நல்லது கிடைக்கும்வரை வண்டியை ஷெட்டிலேயே நிறுத்து. பணம் நான் அனுப்புகிறேன்.

லேத் ஓடும்போது துப்பட்டா வேண்டாம், கையுறை வேண்டாம், முடியைக் கொண்டையாகக் கட்டு. சக் சாவியைச் சக்கில் விட்டுவிட்டு சுவிட்சைத் தொடாதே. கன்மெட்டல் சுருளாக வராது, ஊசி ஊசியாகத் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்.

பார்சலில் 20 மில்லி கன்மெட்டல் ராடு ஒரு அடி, அரை அங்குலக் கைரீமர் ஒன்று, டெலஸ்கோப்பிக் கேஜ் ஒரு செட் வைத்திருக்கிறேன். ராடில் முதல் இரண்டு புஷ் கெட்டுப்போகட்டும், அதற்கும் சேர்த்துத்தான் ஒரு அடி. ரீமரைக் கிரீஸ் தடவிச் சுற்றியிருக்கிறேன், மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு எடு. உள்ளே விடும்போதும் வெளியே எடுக்கும்போதும் வலப்பக்கமே சுற்று. பின்பக்கம் ஒரு தடவை திருப்பினால் துகள் பல்லுக்கு அடியில் மாட்டி விளிம்பு உடைந்துவிடும்.

அன்புடன்,
அப்பா