இனி பள்ளியிலிருந்து போன் வராது

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்து, அழுதவர்கள் அழுது, இனிப்புக் கொடுத்தவர்கள் கொடுத்து எல்லாம் ஓய்ந்துவிட்டது. இந்தப் பள்ளியிலிருந்து உங்களுக்கு வரும் கடைசிக் கடிதம் இது. வட மாநிலங்களில் முறுக்குப் போடப் போயிருக்கும் அப்பாக்களுக்குப் பிள்ளைகளே இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அப்பத்தா, அம்மாச்சி வளர்க்கும் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். உங்களைப் பற்றி எழுதியிருக்கும் இடத்தைத் தாண்டிப் போகக் கூடாது, சரியா?

ஆறாம் வகுப்பிலிருந்து இதுவரை உங்கள் பிள்ளை ஒரு நாள் வரவில்லையென்றால் பத்து மணிக்கெல்லாம் வகுப்பாசிரியர் உங்களுக்குப் போன் செய்துவிடுவார். "பூப் பறிக்கிற நேரத்துல போன் பண்றீங்களே டீச்சர்" என்று சலித்துக்கொண்ட அம்மாக்களும் உண்டு. அந்தப் போன் இனி வராது. வீட்டுக்குச் சொல்லி அனுப்பும் கல்லூரிகள் இல்லாமல் இல்லை. ஆனால் பல இடங்களில் வராத பிள்ளையின் பெயருக்கு நேரே ஒரு 'ஏ' விழும், அவ்வளவுதான். உங்களுக்கு விஷயம் தெரியவரும்போது செமஸ்டர் முடிந்திருக்கும்.

நான் பார்த்தவரை நம் பிள்ளைகள் கல்லூரியை விட்டு நிற்பது சேர்ந்த உடனே அல்ல, கடைசி வருஷத்திலும் அல்ல. தீபாவளி லீவுக்கு வீட்டுக்கு வருவார்கள். லீவு முடியும். "திங்கக்கிழமை போறேன்" என்பார்கள். அந்தத் திங்கட்கிழமை வராது.

சில வருஷங்களுக்கு முன்னால் நம் பள்ளியில் படித்த ஒரு பையன். கணக்கில் கெட்டிக்காரன். மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சேர்ந்தான். தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு பஸ் ஏறுவான், சாயங்காலம் வீடு திரும்புவான். அவனுடைய அம்மாவுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஒன்றே ஒன்று உறுத்தியிருக்கிறது. புதுசாக வாங்கின ரெக்கார்டு நோட்டு, இரண்டு மாதம் ஆகியும், பழுப்பு அட்டை போட்ட மேனிக்கு மடிப்புக் கலையாமல் இருந்திருக்கிறது. கேட்டால் பையன் கோபப்படுவானோ என்று விட்டுவிட்டார். அவன் ஆரப்பாளையத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, காந்தி மியூசியத்து மரத்தடியில் போய் உட்கார்ந்து, மத்தியானம் சோற்றைத் தின்றுவிட்டு, நாலு மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். மூன்று வருஷம் கழித்து ஏதோ சான்றிதழுக்காகப் பள்ளிக்கு வந்தபோது அவனே சொன்னான். வகுப்பில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். எழுந்து நின்றிருக்கிறான், பதில் தெரியும், வாயில் வரவில்லை, பின்னால் இரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள். விஷயம் அவ்வளவுதான்.

அவன் எங்களுக்கு ஒரு போன் செய்திருக்கலாம். நாங்களும் ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். செய்யவில்லை. அந்தக் குறுகுறுப்பில்தான் வருஷா வருஷம் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நோட்டை வாங்கிப் பாருங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. நோட்டில் எழுத்து இருக்கிறதா, சிவப்பு மையில் யாராவது கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா, தேதி கிட்டத்தில் இருக்கிறதா, அதைப் பார்த்தால் போதும். "நல்லாப் படிக்கிறியா?" என்று கேட்காதீர்கள், எந்தப் பிள்ளையும் இல்லை என்று சொல்லாது. "யார் பக்கத்துல உட்கார்ற? அந்தப் பிள்ளைக்கு எந்த ஊரு?" என்று கேளுங்கள். ஒரு மாதம் ஆகியும் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் ஊர் தெரியவில்லையென்றால் அங்கே ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மாதம் பாதிதான் புரியும், சில நாள் அதுவும் புரியாது. அது உங்கள் பிள்ளைக்கு மட்டும் இல்லை, தமிழ் வழியில் படித்த எல்லாருக்கும் அப்படித்தான். நம் பிளஸ் டூ இயற்பியல், வேதியியல், கணக்குப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். முதல் வருஷப் பாடத்தில் பாதி அதன் நீட்சிதான். ராத்திரி தமிழில் ஒரு தடவை படித்துவிட்டு, மறுநாள் அதையே ஆங்கிலத்தில் கேட்டால் தலையும் வாலும் பிடிபடும். அரசுக் கல்லூரிகளில் சில பாடங்களுக்குத் தமிழ் வழிப் பிரிவும் உண்டு. அதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. வேறு வழியாகப் போனால் பட்டம் கேட்கும் வேலைகளுக்கு அது கிடைக்காது. சேருவதற்கு முன்னாலேயே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

நானும் முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் தோற்றவள்தான். அந்த மார்க் ஷீட்டை அடுக்களைக் குலுக்கைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்க எல்லாவற்றையும் நகர்த்தியபோது அப்பா கையில் சிக்கியது. அவருக்குப் படிக்கத் தெரியாது. என்ன பேப்பர் என்று கேட்டார். சொன்னேன். "திரும்ப எழுத விடுவாங்களா?" என்றார். விடுவார்கள் என்றேன். "அப்ப எழுது" என்று சொல்லிவிட்டுச் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அரியர் என்றால் அவ்வளவுதான். பள்ளியில் 35 எடுத்தால் பாஸ். பெரும்பாலான கலைக் கல்லூரிகளில் 40 எடுக்க வேண்டும். முதல் தடவை ஒன்றிரண்டு பாடம் போவது சகஜம். போன பாடத்தை அடுத்த தேர்விலேயே எழுதி முடிக்காமல் சேர்த்துவைத்தால்தான் ஆபத்து. வட்டிக் கடன் மாதிரி அது.

அடுத்து வருகைப் பதிவு. 75 சதவீதம் வேண்டும். ஒரு செமஸ்டருக்குத் தொண்ணூறு வேலை நாள் என்று வைத்துக்கொண்டால், இருபத்திரண்டு நாள்தான் விடலாம். கேட்கத் தாராளமாகத்தான் இருக்கும். நம் பக்கத்தில் காதுகுத்து, வசந்த விழா, மொய், எழவு என்று கணக்குப் போடுங்கள், பாதி அதிலேயே போய்விடும். காய்ச்சலுக்கு என்ன மிச்சம் இருக்கும்? மாசி சிவராத்திரிக்குப் பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயில் சாமிப் பெட்டி எடுக்கும்போது பிள்ளை வரட்டும், அதில் பேச்சே இல்லை. ஒன்றுவிட்ட பங்காளி வீட்டு விசேஷத்துக்கெல்லாம் பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். மொய்யை நீங்கள் போய் எழுதினால் போதும்.

சான்றிதழ் விஷயத்தில் வருஷா வருஷம் ஒரே கூத்துதான். போன வருஷம் ஒரு அப்பா, பாசத்தில், ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் லேமினேட் செய்து கொண்டுவந்து காட்டினார். பளபளவென்று இருந்தது. லேமினேட் செய்த தாளில் பின்னால் ஒரு சீல் வைக்க முடியாது, சரிபார்ப்பவர்களும் முகம் சுளிப்பார்கள். பிளாஸ்டிக் ஃபைலில் போட்டுவையுங்கள், போதும். ஒவ்வொன்றிலும் பத்து ஜெராக்ஸ். ஒரிஜினலைக் கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேர்க்கையின்போது சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2018-லேயே சொல்லிவிட்டது. நர்சிங் சீட்டு வாங்கித் தருகிறேன் என்று ஊருக்குள் வந்து ஒரிஜினலைக் கேட்கும் ஆட்களிடம் ஜெராக்ஸைக்கூடக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு தலைவலி பெயர். மார்க் ஷீட்டில் பாண்டியம்மாள், ஆதாரில் பாண்டியம்மா, பேங்க் பாஸ் புக்கில் பி. பாண்டியம்மாள். மூன்றும் ஒரே பெண்தான் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. உதவித்தொகை நேராக வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. ஆதாரோடு இணைத்த கணக்காக அது இருக்க வேண்டும். இந்த மாதத்திலேயே இ-சேவை மையத்துக்கும் பேங்குக்கும் ஒரு நடை போய் மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். ஜூலையில் போனால் கூட்டத்தில் நிற்க வேண்டும்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022-இல் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024-இலிருந்து. விண்ணப்பிப்பது கல்லூரி வழியாக. முதல் வாரமே அலுவலகத்தில் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று பிள்ளையைக் கேட்டு வரச் சொல்லுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுவதால்தான் பல பிள்ளைகளுக்குப் பணம் தள்ளிப்போகிறது. பொறியியல் கலந்தாய்வுக்குப் போகிறவர்களுக்கு அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டிவிடும். அதற்குத் தேவையான படிப்புச் சான்று பள்ளி அலுவலகத்தில் தயாராக இருக்கிறது. இடையில் வேறு பள்ளியில் படித்தவர்கள் அங்கேயும் வாங்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் வராதவர்கள், வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்காதிருந்தால், கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்றுக்கு இ-சேவையில் விண்ணப்பியுங்கள். கல்விக் கடனில் 4 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. அதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பைக் வாங்கிக் கொடுக்காதீர்கள். காரணம் கேட்டால் பள்ளிக்கு வாருங்கள், நேரில் சொல்கிறேன்.

பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் தனியாக ஒன்று பேச வேண்டும். "காலேஜுக்குப் போகட்டும், நல்ல இடம் வந்தால் பார்ப்போம்" என்கிறீர்கள். பார்ப்போம் என்ற அந்த வார்த்தை பிள்ளையின் காதில் எப்படி விழுகிறது தெரியுமா? நாளைக்கே நின்றுவிடலாம் என்றுதான் விழுகிறது. அப்புறம் எதற்கு ரெக்கார்டு எழுத வேண்டும், எதற்கு அரியரைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்? மூன்று வருஷம் கழித்துத்தான் என்று ஒரே ஒரு தடவை, அவளுடைய மாமன் முன்னால், வாய் திறந்து சொல்லிவிடுங்கள். அப்புறம் அவள் எப்படிப் படிக்கிறாள் என்று பாருங்கள்.

விடுதியில் சேர்க்கிறவர்கள் ராகிங்கைப் பற்றிக் கேட்டீர்கள். தமிழ்நாட்டில் 1997-லிருந்தே அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. யூஜிசியின் இலவச எண் 1800-180-5522. பிள்ளையின் போனில் இப்போதே பதிந்து கொடுங்கள். தினமும் பஸ்ஸில் போய் வருகிற பிள்ளைகள், நேரம் இருந்தால், மதுரை நத்தம் ரோட்டில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு சனிக்கிழமை போய் வரட்டும். அங்கே ஏசியில் உட்கார்ந்து நாள் முழுக்கப் படிக்கலாம். மாலில் சுற்றுவதற்கு அது எவ்வளவோ மேல்.

கடைசியாக ஒரு செய்தி. இந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு, கல்லூரிக்குப் போன நம் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கு வர வேண்டும். அடையாள அட்டையும், இன்டர்னல் மார்க்கும், ரெக்கார்டு நோட்டும் கொண்டுவரட்டும். இயற்பியல், கணக்கு, ஆங்கில ஆசிரியர்கள் மூன்று பேரும் இருப்பார்கள். அரியர் எழுதிப் பாஸான பழைய மாணவர்கள் சிலரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அந்த மியூசியத்துப் பையனும் வருகிறான். இப்போது தொலைநிலைக் கல்வியில் பட்டம் முடித்துவிட்டான். அவனே பேசுகிறேன் என்றான். நீங்களும் வாருங்கள். மத்தியானம் தக்காளி சாதம் நம் சமையலம்மா பொறுப்பு. குடிதண்ணீர்க் குழாய் இன்னும் சரிசெய்யவில்லை, ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை