கோமுகம்: விளம்பரத்தில் இல்லாத 18 கிலோமீட்டர்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை வந்தாலே உங்கள் நாளிதழில் சார்தாம் யாத்திரை விளம்பரங்கள் வரிசைகட்டி விடுகின்றன. சிலவற்றில் 'கங்கோத்ரி, கோமுகம்' என்று ஒரே மூச்சில் போடுகிறார்கள். கோமுகம் என்பது கங்கோத்ரி பனிப்பாறையின், அதாவது மலையில் மெல்ல நகரும் பெரிய பனிக்கட்டித் திரளின், முகப்பு; கங்கை பிறக்கும் இடம். போன வருடம் அப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்துக் கிளம்பியவர்களில் நானும் ஒருவன்.

கங்கோத்ரி கோயில் வரை வண்டி போகும். கோமுகம் அங்கிருந்து 18 கிலோமீட்டர், பூராவும் மலைப்பாதை. பனிப்பாறையின் முகப்பு ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். வனத்துறை ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் அனுமதிச் சீட்டு தரும். 'சாமி கும்பிட்டுவிட்டு ஒரு எட்டு போய் வந்துவிடலாம்' என்று ஊரில் சொன்ன ஏற்பாட்டாளர், அங்கே போனதும் பாதிப் பேருக்குத்தான் சீட்டு என்று கையை விரித்தார். போன எங்களிலும், வழியில் போஜ்பாசா என்ற இடத்தில் இரவு தங்கியபோது மதினிக்குத் தலைவலி, வாந்தி. விடிந்ததும் அண்ணன் அவரைக் கீழே கூட்டிப்போனார். இறங்க இறங்கச் சரியாகிவிட்டது.

கோமுகத்தில் வெள்ளைவெளேர் என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். பனிப்பாறையின் மேலெல்லாம் கல்லும் மண்ணும் மூடிக்கிடக்கிறது. உடைந்த முகப்பில் மட்டும் பனிக்கட்டி நீலம் பாரித்துத் தெரிகிறது. அடியிலிருந்து பாகீரதி (கங்கைக்கு அங்கே அதுதான் பெயர்) சிமெண்டுப் பால் போலக் கலங்கலாக, ஐஸ் கட்டிகளை உருட்டிக்கொண்டு வருகிறாள். பனிப்பாறை நகரும்போது அரைபட்ட பாறை மாவுதான் அந்தக் கலங்கல். 1935-க்குப் பிறகு இந்த முகப்பு ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருக்கிறது. இன்னும் உடைந்து விழுந்துகொண்டும் இருக்கிறது. நம் ஆட்களோ விரிசல் விட்ட அந்தச் சுவரின் காலடியில் போய்த் தீர்த்தம் பிடிக்கிறார்கள். கொஞ்சம் தள்ளிப் பிடித்தாலும் அதே கங்கைதானே!

கோமுகம் என்று விளம்பரம் கொடுப்பவர்கள் நடக்க வேண்டிய தூரம், உயரம், அனுமதிச் சீட்டு கைக்கு வந்துவிட்டதா என்ற விவரம் எல்லாவற்றையும் அதிலேயே போடட்டும். விளம்பரத்தை வாங்கும்போது நீங்களும் இதைக் கேட்கலாம். சீட்டுக் கிடைக்காதவர்களுக்கு அந்தப் பங்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். எங்கள் குழுவில் அப்படிச் சீட்டுக் கிடைக்காத யாருக்கும் இதுவரை வரவில்லை.

அப்புறம், இந்த வருடம் போகிறவர்களுக்கு ஒன்று: கோமுகம் போகும் வழியில் சீர்பாசா என்ற இடம் தாண்டிக் கல் சரியும் இடம் வரும். வெயில் ஏறுவதற்குள் அதைக் கடந்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
தென்காசி